ராயகிரியிலிருந்து டென்மார்க்குக்கு எத்தனை வழி?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினது ராயகிரியிலிருந்து ஒரு தம்பி. ராயகிரி தெரியாதவங்களுக்கு: சங்கரன்கோவிலுக்கு மேற்கே, சிவகிரி பக்கத்துல, மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரத்துல இருக்கிற ஒரு பேரூராட்சி. இப்போ தென்காசி மாவட்டம். 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம்.

தம்பிக்கு டென்மார்க்ல மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். தாத்தா மட்டும் ஒரு கேள்வி கேட்டிருக்கார்: "ஏலே, பிளேன்லதான் போகணுமா? கப்பல் கிடையாதா? ரயிலு, பஸ்ஸு எதுவும் போகாதா?" தம்பி முதல்ல சிரிச்சிருக்கார். ராத்திரி படுத்தப்புறம் அவருக்கே சந்தேகம் வந்திருக்கு. "அண்ணே, நிஜமாவே வேற வழி கிடையாதா?"

முதல்ல நேரடி பதிலைச் சொல்லிடறேன். சங்கரன்கோவில்ல பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிச்சா காலையில சென்னை. மீனம்பாக்கத்துல பிளேன் ஏறி தோஹா இல்லைன்னா துபாய்ல மாறினா, அடுத்து கோபன்ஹேகன். ராயகிரி வீட்டு வாசல்லேர்ந்து கணக்குப் போட்டாலும் ரெண்டு நாளுக்குள்ள முடிஞ்சிடும். ஸ்வீடனோட தெற்குப் பக்கம் போறவங்களும் கோபன்ஹேகன்லதான் இறங்கறாங்க. ஏர்போர்ட்டுக்கு அடியிலேயே ரயில் இருக்கு. 2000-ல திறந்த ஓரசுண்ட் பாலம் வழியா கடலைத் தாண்டி மால்மோ போயிடலாம்.

பதில் அவ்வளவுதான். ஆனா தாத்தா கேட்ட கேள்வி சின்னக் கேள்வி இல்ல. தமிழ் பேசுற ஊருக்கும் டென்மார்க்குக்கும் நடுவுல 400 வருஷமா போக்குவரத்து இருக்கு. கடல்ல போயிருக்காங்க, தரையில போயிருக்காங்க, பாதி பிளேன் பாதி படகுன்னு போயிருக்காங்க. ஒவ்வொரு வழியும் ஒரு காலத்துல திறந்து, இன்னொரு காலத்துல மூடியிருக்கு. எதுவும் தானா மூடல. யாரோ மூடினாங்க. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

கடல்லேர்ந்து ஆரம்பிப்போம்.

1616-ல டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியன் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுக்கறார். அப்போ நார்வேயும் அதே ராஜாவுக்குக் கீழதான் இருந்துச்சு, இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும். 1618 கடைசியில கோபன்ஹேகன்லேர்ந்து கப்பல்கள் கிளம்புது. தலைவர் பேரு ஓவ கெட்டே. வயசு 24 கூட முழுசா ஆகல. நம்ம ஊர்ல இந்த வயசுல பைக் சாவி கேட்டா நாலு கேள்வி வரும்.

அவங்க முதல்ல நம்ம பக்கம் வரதா இல்ல, இலங்கைக்குத்தான் கிளம்பினாங்க. பொஷோவர்னு ஒரு டச்சுக்காரர், கண்டி ராஜாவோட தூதுவர்னு சொல்லிக்கிட்டு கோபன்ஹேகன் வந்து, போர்ச்சுகீசியர்களுக்கு எதிரா உதவி வேணும்னு ஒப்பந்தம் பேசியிருந்தார். அவரை நம்பித்தான் பயணமே. அவர் வழியிலேயே செத்துப் போயிட்டார்.

அவர் மட்டுமில்ல. அட்லாண்டிக்ல கீழே இறங்கி, ஆப்பிரிக்காவோட தென்முனையைச் சுத்தி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து இலங்கை வந்து சேர 1620 மே ஆயிடுச்சு. ஒன்றரை வருஷம். கிளம்பினவங்கள்ல பாதிக்கும் மேல உயிரோட இல்ல. அந்தக் காலத்து நீண்ட கடல் பயணத்துல புயலை விட, பீரங்கியை விட, அதிகமா ஆளைக் கொன்னது சாப்பாடு. மாசக்கணக்கா காய்ஞ்ச ரொட்டி, உப்புக்கண்டம், அழுகின தண்ணி. பழமோ காயோ கிடையாது. ஈறு வீங்கி ரத்தம் வரும், பழைய காயம் திரும்பப் பிளக்கும், அப்புறம் எழுந்திரிக்கவே முடியாது. ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாததால வர்ற நோய். எலுமிச்சம்பழம் இருந்தா போதும்னு ஐரோப்பியக் கடற்படைகள் முறையா ஏத்துக்க இன்னும் 150 வருஷத்துக்கு மேல ஆச்சு.

வந்து சேர்ந்தா, கண்டி ராஜா அதுக்குள்ள போர்ச்சுகீசியர்களோட சமாதானம் பேசி முடிச்சிருந்தார். "உங்களை யாரு கூப்பிட்டது?"ங்கிற நிலைமை. அவ்வளவு சாவு, அவ்வளவு தூரம், கையில ஒண்ணும் இல்ல.

இதுக்கு நடுவுல இன்னொரு கப்பல் முன்னாடியே வந்திருந்துச்சு. அதுல இருந்தவர் ரோலண்ட் கிராப்பே. காரைக்கால் பக்கத்துக் கடல்ல போர்ச்சுகீசியர்கள் அந்தக் கப்பலை அடிச்சு மூழ்கடிச்சாங்க. மாட்டின சிலரோட தலையை வெட்டி, கரையில கம்புல குத்தி வச்சாங்க. கிராப்பேயும் 13 பேரும் தப்பிச்சு தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட போய்ச் சேர்ந்தாங்க. நாயக்கருக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. நாகப்பட்டினத்துல போர்ச்சுகீசியர்கள் இருக்காங்க. போட்டிக்கு இன்னொரு வியாபாரி வந்தா நல்லதுதானே? 1620 நவம்பர்ல ஒப்பந்தம் ஆச்சு. டேனிஷ்காரங்களுக்குத் தரங்கம்பாடி கிடைச்சது. இன்னிக்கும் அங்க நிக்கிற டேன்ஸ்போர்க் கோட்டை அப்படித்தான் வந்துச்சு. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு அனுப்பின கடிதம், தங்கத் தகட்டுல எழுதின ஓலை, இப்போ கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. அதுல இருக்கிற மொழி தமிழ்.

இங்க கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. வழி திறந்தாச்சு. ஆனா அது ஊருக்குப் பஸ் விட்ட மாதிரி இல்ல. டென்மார்க் ஐரோப்பாவுல போருக்குப் போச்சு, கம்பெனிக்குப் பணம் தீர்ந்துச்சு, 1650-ல கம்பெனியையே கலைச்சாங்க. 1640-கள்லேர்ந்து 1669 வரைக்கும், கால் நூற்றாண்டு, டென்மார்க்லேர்ந்து தரங்கம்பாடிக்கு ஒரு கப்பல் கூட வரல. கோட்டையில இருந்தவங்க ஒவ்வொருத்தரா செத்து, கடைசியில எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கன்னு ஒருத்தர் உள்ளூர் ஆளுங்களை வச்சு அந்த இடத்தைக் காப்பாத்திக்கிட்டு இருந்தார். கடலைப் பார்த்துக்கிட்டே ஒரு மனுஷன் வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கார். 1669-ல 'ஃபேரோ'ங்கிற கப்பல் வந்து நின்னப்போ அவருக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான். ஒப்பந்தம் போட்டவருக்குப் புத்தகத்துல பேர் கிடைச்சது. காத்திருந்தவரைப் பெருசா யாரும் பேசறதில்ல.

இதுவரைக்கும் அங்கேர்ந்து இங்க வந்தவங்க. இங்கேர்ந்து அங்க போனவங்க?

சீகன்பால்க் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. தரங்கம்பாடியில தமிழ் அச்சுக்கூடம் வச்ச ஜெர்மன் பாதிரியார். அவர் 1705 நவம்பர் கடைசியில கோபன்ஹேகன்ல கப்பல் ஏறி, 1706 ஜூலை 9 தரங்கம்பாடியில இறங்கினார். ஏழு மாசத்துக்கு மேல. 1714 அக்டோபர்ல அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போறப்போ கூட ஒரு தமிழ் இளைஞர் போனார். பேரு மலையப்பன். ராயகிரி தம்பியை விட வயசு கம்மியா இருந்திருக்கலாம். ஏழு மாசத்துக்கும் மேல கடல். 1715 ஜூன்ல கப்பல் போய் நின்ன இடம் கோபன்ஹேகன் இல்ல, நார்வேயில இருக்கிற பெர்கன். அதுக்குத்தான் முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்.

ஜூன் மாச பெர்கன். ராத்திரி 11 மணிக்கும் வெளிச்சம் போகாது. காவிரிக் கழிமுகத்துல வளர்ந்த ஒருத்தர் அதைப் பார்த்து என்ன நினைச்சிருப்பார்? அவர் வாயால சொன்னதா நம்ம கையில எதுவும் இல்ல. ஆனா அவரோட உழைப்பு இருக்கு. கப்பல்லயும் ஜெர்மனியோட ஹாலே நகரத்துலயும் அவர் உதவியோட சீகன்பால்க் வேலை செஞ்ச தமிழ் இலக்கணம் 1716-ல ஹாலேயில அச்சாச்சு. அட்டையில ஒரே ஒரு பேர்தான். யாரோட பேர்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

1845-ல டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு வித்துட்டுப் போயிடுச்சு. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்ததும் ஆப்பிரிக்காவைச் சுத்துற வேலை இல்லாமப் போச்சு. மாசங்கள் வாரங்களாச்சு. அப்புறம் பிளேன் வந்து, இந்தியாவிலேர்ந்து ஐரோப்பாவுக்குப் பயணிகள் கப்பலே நின்னுடுச்சு.

தாத்தாவுக்குச் சுவாரசியமா இருக்கும்னு ஒரு விஷயம். உலகத்தோட பெரிய சரக்குக் கப்பல் கம்பெனிகள்ல ஒண்ணான மெர்ஸ்க், டென்மார்க் கம்பெனி. 2023 கடைசியில செங்கடல்ல கப்பல்கள் மேல தாக்குதல் தொடங்கினதும் அந்தக் கம்பெனி தன்னோட கப்பல்களைத் திருப்பி விட்ட வழி எது தெரியுமா? ஆப்பிரிக்காவோட தென்முனை. 400 வருஷம் முன்னாடி கெட்டே வந்த அதே சுத்து.

சரி, தரைவழி.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் ஒடிசாக்காரர். பி.கே. மகானந்தியா. தலித் நெசவாளர் குடும்பம். டெல்லியில ஓவியம் படிச்சுக்கிட்டே கன்னாட் பிளேஸ்ல உட்கார்ந்து வர்றவங்க போறவங்க முகத்தை வரைவார். அங்க ஸ்வீடன்லேர்ந்து வந்த ஷார்லட்டைச் சந்திச்சார், காதல், கல்யாணம். அவங்க ஊருக்குத் திரும்பிட்டாங்க. இவர்கிட்ட டிக்கெட்டுக்குக் காசு இல்ல. 1977 ஜனவரி 22 டெல்லியிலேர்ந்து சைக்கிள்ல கிளம்பினார். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கின்னு போய், மே 28 ஸ்வீடன்ல கோதன்பர்க் போய்ச் சேர்ந்தார். நாலு மாசத்துக்கு மேல. வழியெல்லாம் முகம் வரைஞ்சு கொடுத்து சாப்பாடும் படுக்கையும் வாங்கிக்கிட்டார்.

இதை இன்ஸ்டாகிராம்ல காதல் கதையா பல தடவை பார்த்திருப்பீங்க. நான் பார்க்கிறது வேற. அவர் போன வருஷத்தைக் கவனிங்க. அப்போ அந்தப் பாதை முழுக்க ஹிப்பிகள் வேன்லயும் பஸ்லயும் வந்துக்கிட்டு இருந்தாங்க. 1957-லேயே லண்டன்லேர்ந்து கல்கத்தாவுக்குப் பஸ் ஓடியிருக்கு. தாத்தா கேட்டாரே "பஸ்ஸு", அது வெறும் கற்பனை இல்ல. மகானந்தியா போய் ரெண்டே வருஷத்துல, 1979-ல ஈரான்ல புரட்சி. அதே வருஷம் டிசம்பர்ல ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் படை. கதவு சாத்தியாச்சு. காசு இல்லாதவங்க ஐரோப்பா போக இருந்த ஒரே வழி அது. இன்னிக்கு நிலைமை இன்னும் மோசம், நம்ம அட்டாரி எல்லைச் சாவடியே 2025 ஏப்ரல்லேர்ந்து மூடிக் கிடக்கு. முதல் நாட்டுக்குள்ளேயே கால் வைக்க முடியாது.

இனிமே வர்றதுதான் இந்த எபிசோடோட கனமான பகுதி.

ஸ்காண்டிநேவியாவுல இன்னிக்கு இருக்கிற தமிழர்கள்ல பெரும்பகுதி ஈழத்திலேர்ந்து போனவங்க. நார்வேக்கு 1956-லேயே யாழ்ப்பாணம் குருநகர்லேர்ந்து அந்தோனி ராஜேந்திரம்னு ஒருத்தர் போயிருக்கார். அங்க மீன்பிடித் தொழில் கத்துக்கிட்டு ஊர் திரும்பி, சீநோர்னு ஒரு நிறுவனம் தொடங்கினார். சிலோன், நார்வே, ரெண்டோட முதல் பாதியையும் ஒட்டி வச்ச பேரு. காரைநகர்ல படகு கட்டினாங்க, குருநகர்ல வலை பின்னினாங்க. அந்தத் தொடர்பைப் பிடிச்சுக்கிட்டு பசங்க நார்வேயில இருக்கிற நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளிகளுக்குப் படிக்கப் போனாங்க. நார்வே 1975-ல வேலைக்கு ஆள் வர்றதை நிறுத்தினப்புறமும் படிப்புங்கிற அந்தச் சின்ன ஜன்னல் திறந்திருந்துச்சு. (ராயகிரிக்காரங்களுக்காக ஒரு அடைப்புக்குறி: நார்வே மீன்பிடித் திட்டம் 1950-கள்ல இந்தியாவுக்கும் வந்துச்சு. எங்க? உங்க மலையைத் தாண்டினா வர்ற கொல்லம் பக்கத்துல, நீண்டகரையில.)

1983 ஜூலைக்கு அப்புறம் படிக்கிறதுக்குப் போறது இல்ல, உயிர் பிழைக்கப் போறதுன்னு ஆயிடுச்சு. நேரா டென்மார்க்குக்கு விசா யார் தருவாங்க? அப்போ பனிப்போர் காலம், பெர்லின் ரெண்டா இருந்துச்சு. சோவியத் விமானம் ஏறி மாஸ்கோ, அங்கேர்ந்து கிழக்கு பெர்லின். கிழக்கு ஜெர்மனி சுலபமா டிரான்சிட் விசா கொடுத்துச்சு. அங்கேர்ந்து சிலர் மெட்ரோ ரயில் ஏறி மேற்கு பெர்லின் போனாங்க. சிலர் இன்னும் வடக்கே போய், வார்னமுண்ட துறைமுகத்துல ஃபெர்ரி ஏறி பால்டிக் கடலைத் தாண்டி டென்மார்க்ல கெட்சர்ல இறங்கினாங்க. வானம், தரை, கடல். தாத்தா கேட்ட மூணும் ஒரே பயணத்துல.

இந்த வழியும் மூடப்பட்டது. மேற்கு ஜெர்மனி கிழக்கு ஜெர்மனியோட பேரம் பேசி, 1985-ல தமிழர்களுக்கான டிரான்சிட் விசாவை நிறுத்த வச்சுது. 1986 அக்டோபர்ல டென்மார்க் தன்னோட சட்டத்தையும் இறுக்குச்சு.

ஆனா உள்ள வந்து அகதியா ஏற்கப்பட்டவங்களுக்கு ஒரு உரிமை இருந்துச்சு. டென்மார்க்கோட 1983-ம் வருஷத்துச் சட்டப்படி மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கலாம். அது சலுகை இல்ல, சட்டத்துல எழுதின உரிமை. 1987-ல நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் என்ன செஞ்சார்னா, சட்டத்தை மாத்தல. தமிழர்களோட குடும்ப விண்ணப்பங்களை மட்டும் எடுக்காம வைக்கச் சொல்லி அதிகாரிகளுக்குச் சொன்னார். அந்த ஜூலையில இந்தியா–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்துச்சு. இனிமே அங்க அமைதி, இவங்களைத் திருப்பி அனுப்பிடலாம்ங்கிறது அவர் கணக்கு. அக்டோபர்ல யாழ்ப்பாணத்துல இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிடுச்சு. ஃபைல் மட்டும் நகரல.

இப்படி யோசிச்சுப் பாருங்க. ஜட்லாந்து பக்கத்துல ஏதோ ஒரு சின்ன ஊர், பனி. அங்க ஒரு அப்பா தினம் தபால்பெட்டியைப் பார்க்கிறார். இங்க ஒரு அம்மாவும் பிள்ளைங்களும் ஷெல் விழற ஊர்ல உட்கார்ந்திருக்காங்க. நடுவுல விமானம் ஓடுது. டிக்கெட்டுக்குக் காசு கூட சேர்த்தாச்சு. ஒரு மேஜையில ஒரு கட்டுக் காகிதம் அடியில கிடக்கு, அவ்வளவுதான்.

1989-ல இது வெளியில வந்துச்சு. பிரதமர் பவுல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்துல நின்னு, கம்பளத்துக்கு அடியில எதையும் பெருக்கித் தள்ளலன்னு சொன்னார். உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்ன்ஸ்லெட் தலைமையில விசாரணை நடந்துச்சு. 1993 ஜனவரியில அறிக்கை வந்துச்சு, கிட்டத்தட்ட 6000 பக்கம். பிரதமர் நாடாளுமன்றத்துக்குச் சரியான தகவல் கொடுக்கலன்னு அதுல இருந்துச்சு. ஷ்லூட்டர் ராஜினாமா செஞ்சார். பத்து வருஷ ஆட்சி விழுந்துச்சு. 1995-ல, அமைச்சர்களை விசாரிக்கறதுக்குன்னே இருக்கிற தனி நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நாலு மாசத் தண்டனை விதிச்சுது, நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை. டென்மார்க்ல இதுக்குப் பேரே 'தமிழ் வழக்கு'.

இதை நம்ம பாடப்புத்தகத்துல யாரும் படிச்சதில்ல. நான் முதல் தடவை படிச்சப்போ நம்பல. ஒரு ஐரோப்பிய நாட்டு அரசாங்கம், தமிழ்க் குடும்பங்களை வரவிடாமத் தாமதப்படுத்தினதுக்காகக் கவிழ்ந்திருக்கு. ஒண்ணையும் மறைக்க வேண்டாம், இதனால டென்மார்க் மனசு மாறி எல்லாரையும் வரவேற்கத் தொடங்கிடல. 2002-ல அதே குடும்ப இணைப்புச் சட்டத்தை வெளிப்படையாவே கடுமையாக்கினாங்க. கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் 24 வயசு ஆகியிருக்கணும்னு விதி வந்துச்சு. ஓவ கெட்டேயை இலங்கைக்கு அனுப்பினப்போ அவருக்கு 24 ஆகலங்கறது ஞாபகம் இருக்கா?

காத்திருந்தவங்கள்ல நிறைய பேர் கடைசியில வந்து சேர்ந்தாங்க. ஹெர்னிங்ல விநாயகர் கோயில் இருக்கு, பிராண்டேயில அபிராமி அம்மன் கோயில் இருக்கு. ஆடி மாசம்னா அங்க கூட்டம்தான்.

ராயகிரி தம்பிக்கு வருவோம். உங்க பயணத்துல கஷ்டமான பகுதி அந்தப் பிளேன் நேரம் இல்ல. அட்மிஷன் கடிதம், ஃபீஸ் கட்டின ரசீது, செலவுக்குப் பணம் இருக்குன்னு காட்டுற பேங்க் ஸ்டேட்மென்ட், ரெசிடென்ஸ் பெர்மிட் விண்ணப்பம். டிக்கெட்டை அந்த பெர்மிட் கைக்கு வந்தப்புறம் போடுங்க, சீக்கிரம் போட்டா விலை கம்மின்னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க. எல்லாத்துக்கும் ரெண்டு நகல் எடுத்து ஒண்ணை வீட்ல வச்சுட்டுப் போங்க.

தாத்தாகிட்ட சொல்லுங்க: கப்பல் இருக்கு, ஆனா ஆளை ஏத்தறதில்ல. பஸ் இருந்துச்சு, இப்போ இல்ல. சைக்கிள்ல ஒருத்தர் போயிருக்கார். போய்ச் சேர்ந்ததும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க தம்பி. வீடியோ கால்ல தாத்தா அடுத்து என்ன கேட்டார்னும் சேர்த்துச் சொல்லுங்க.